பனிக்குடத்துக்கு ஒரு பாலம்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், மேளம் கட்டுகிறேன் என்பேன். கேட்டவர் உடனே என் விரல்களைப் பார்ப்பார். ஒரு தாளமும் தெரியாத விரல்கள் என்பது அவருக்கு ஒரே பார்வையில் விளங்கிவிடும். அப்புறம்தான் உண்மையைச் சொல்வேன். நான் ஓர் ஆய்வகத்தில் உதவியாளன். நான் கட்டும் மேளம் ஒவ்வொன்றும் கோட்டுப் பொத்தான் அளவுதான் இருக்கும். போர்த்துவது மாட்டுத்தோல் அல்ல, பனிக்குடச் சவ்வு.

வயிற்றுக்குள் குழந்தை ஒரு பையில் மிதக்கிறது அல்லவா, அந்தப் பை. பிரசவத்தோடு அதன் வேலை முடிந்தது. பக்கத்து மகப்பேறு மருத்துவமனையில் ஆபரேஷனில் பிள்ளை பெற்றவர்கள் சம்மதித்தால், அது குப்பைக்குப் போகாமல் ஐஸ் பெட்டியில் ஏறி எங்களிடம் வரும். வெங்காயத்தின் உள்சருகு போலப் பளபளக்கும் ஓர் உள்தோல். அதை ஒட்டிக்கொண்டு கொஞ்சம் சதைப்பற்றான வெளித்தோல். இரண்டையும் சேர்த்துக் கத்தரித்து, அடிப்பாகம் இல்லாத ஒரு குட்டிப் பிளாஸ்டிக் கிண்ணத்தின் வாயில் போர்த்தி, ரப்பர் வளையம் மாட்டினால் மேளம் தயார். மேளத்தின் தோல் கீழே இருக்கும்படி, தெளிந்த ஊட்டநீர் ஊற்றிய இன்னொரு கிண்ணத்தில் அதை உட்காரவைப்போம். மேல் கிண்ணம் தாயின் பக்கம், கீழ்க் கிண்ணம் குழந்தையின் பக்கம். மேலே கிருமியை விட்டு, வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவோம். மறுநாள் கீழ்நீர் தெளிவாக இருந்தால் கிருமி தாண்டவில்லை. கலங்கியிருந்தால் தாண்டிவிட்டது. என் சம்பளத்துக்குக் காரணமான விஞ்ஞானம் மொத்தமும் இதுதான்.

இதில் ஒரு தலைவலி உண்டு. புதுச் சவ்வு வழுக்கும். சோப்பு நுரையை ரப்பர் போட்டுக் கட்டுவது போலத்தான். பாதி மேளம் கட்டும்போதே நழுவிக் கிழிந்துவிடும். எங்கள் ஆய்வகத் தலைவி வெளியூர் போயிருந்த சமயத்தில் எனக்கு ஒரு யோசனை உதித்தது. கிண்ணத்தின் விளிம்புக்கும் சவ்வுக்கும் நடுவே, காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியில் மெல்லிய பட்டை ஒன்றைக் கத்தரித்து வைத்தேன். பிடிப்பு கிடைத்தது. அதன்பிறகு ஒரு மேளமும் நழுவவில்லை. அன்றைக்கு நான் ஆய்வகத்தில் நடந்த நடையைப் பார்த்திருந்தால், சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் நான்தான் என்று நினைத்திருப்பீர்கள்.

அந்தத் தலைவிக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ‘எதுக்கு மேடம்’. விடுப்பு கேட்டால் எதுக்கு, ஜன்னலைத் திறந்தால் எதுக்கு, பிறந்தநாள் வாழ்த்து சொன்னாலும் எதுக்கு. அவர் ஊரில் இல்லாததால் என் துணிப் பட்டையை யாரும் எதுக்கு என்று கேட்கவில்லை. நானும் நிம்மதியாக மேளம் கட்டினேன். கிருமிகளும் நிம்மதியாகத் தாண்டின. கட்டிய மேளம் எல்லாவற்றிலும் கீழ்நீர் கலங்கியது. முக்கியமாக ஒரு கிருமி. நுண்ணோக்கியில் பார்த்தால் கோத்த மணிகள் மாதிரி வரிசையாக நிற்கும். அதனால் நாங்கள் அதை ‘மாலை’ என்போம். பல பெண்களின் உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாமல் குடியிருக்கும். பிரசவ நேரத்தில் மட்டும் அதைக் கவனிக்க வேண்டும்.

அப்போது என் மனைவிக்கு எட்டாம் மாதம்.

அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத் தருகிறவள். மாணவர் பக்கம் ஸ்டியரிங், இவள் பக்கம் தனியாக ஒரு பிரேக். பன்னிரண்டு வருடமாக அந்தப் பிரேக்கில் கால் வைத்தே உட்கார்ந்து பழகியதால், வீட்டிலும் என் ஒவ்வொரு வார்த்தைக்கும் அவள் கால் விரல் லேசாக அழுந்தும். கோபம் வந்தால் என்னை ‘சார்’ என்பாள். மாணவர்களையும் அப்படித்தான் கூப்பிடுவாள், கார் சுவரை நெருங்கும்போது.

அந்த மாதப் பரிசோதனையில் ‘மாலை’க் கிருமி அவளிடம் இருப்பது தெரிந்தது.

டாக்டரம்மா அதை மழை வரலாம் என்பதைப் போலச் சொன்னார். “நிறையப் பேருக்கு இருக்கறதுதான்மா. வலி வந்ததும் இங்க வந்துடு. ஊசியில மருந்து ஏத்திடுவோம். குழந்தைக்குப் போகாம பார்த்துக்கலாம்.”

மனைவி தலையாட்டிக் கைப்பையை எடுத்தாள். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“டாக்டர், பனிக்குடம் உடையாமலே கிருமி உள்ள போகுமா?”

“போகலாம். எப்பவும் போறதில்ல, ஆனா போகலாம். அதுக்குத்தான் காய்ச்சல் இருக்கா, தண்ணி கசியுதா, குழந்தை நல்லா அசையுதான்னு பார்க்கச் சொல்றோம். இவங்களுக்கு அப்படி ஒண்ணும் இல்லையே.”

“நான் தினம் பார்க்கறேன் டாக்டர். ஒரே நாள்ல தாண்டிடுது. குழந்தையை இப்பவே எடுத்துடலாமே?”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “நீங்க பார்க்கறது வெட்டி எடுத்த துண்டு. இவங்களுக்குள்ள இருக்கறது ரத்தம் ஓடற, காவல் இருக்கற முழு உடம்பு. அதுவும் இல்லாம, அவசரமில்லாம முன்னாடியே எடுத்தா அதுல வேற தொந்தரவு இருக்கு. மூச்சு விடவே சில குழந்தைங்க கஷ்டப்படும்.”

“இருந்தாலும்...”

“சார்,” என்றாள் மனைவி. நான் வாயை மூடிக்கொண்டேன்.

காரில் அவள்தான் ஸ்டியரிங்கில் இருந்தாள். வயிறு ஸ்டியரிங்கைத் தொட்டுவிடுமோ என்று நான் பார்த்துக்கொண்டே வந்தேன். சிக்னலில் நின்றதும் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“டாக்டர் சொல்றது ஒரு பக்கம் இருக்கட்டும். உங்க கிண்ணத்துல அது நிஜமாவே தாண்டுதா?”

“தாண்டுது.”

“எப்பவாவதா?”

“கட்டினதெல்லாம்.”

பின்னாலிருந்து ஒருவர் ஹாரன் அடித்தார். அவள் அசையவில்லை. ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது. இப்படி அவள் பயந்து நான் பார்த்ததில்லை. ஒருமுறை மாணவர் ஒருவர் காரை நேராகக் கால்வாய்க்கு விட்டபோதுகூட, ‘சார், கியரைக் குறைங்க’ என்று மட்டும்தான் சொன்னாளாம்.

“நாளைக்கழிச்சு சாயங்காலம் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில நேரம் வாங்கிடறேன்,” என்றாள். “அங்க கேட்டா சீக்கிரமே எடுத்துடுவாங்களாம். என்கூட வேலை செய்யறவ சொன்னா. அதுக்குள்ள நீங்க இன்னொரு தடவை நல்லாப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க. நீங்க தாண்டுதுன்னு சொன்னா நான் போய்ப் படுத்துக்கறேன். இல்லைன்னா இந்த டாக்டர்கிட்டயே இருக்கேன்.”

“நானா சொல்லணும்?”

“வேற யாரு சொல்லுவா? கண்ணால பார்க்கறது நீங்கதானே.”

என் வீட்டில் ஜன்னல் திரை என்ன நிறம் என்பதைக்கூட என்னிடம் கேட்டு முடிவு செய்ததில்லை. இப்போது ஒரு குழந்தை உடனே வெளியே வரணுமா, இன்னும் கொஞ்ச நாள் மிதக்கணுமா என்பது என் வாயில் இருந்தது. ஹாரன் மறுபடி அலறியது. பச்சை விழுந்து எவ்வளவு நேரமோ. அவள் கண்ணாடியைப் பார்த்து, “போறேன் சார், போறேன்,” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

மறுநாள் காலையில் எதுக்கு மேடம் வேலைக்குத் திரும்பியிருந்தார். நான் கதவைத் திறந்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

“எதுக்கு மூஞ்சி இப்படித் தொங்குது?”

சொன்னேன். மனைவி, மாலை, பெரிய ஆஸ்பத்திரி, எல்லாவற்றையும் தலைகால் புரியாமல் கொட்டினேன். அவர் குறுக்கே ஒரு எதுக்கு கூடப் போடவில்லை. அதுவே எனக்கு மேலும் பயத்தைக் கொடுத்தது. நான் முடித்ததும் வெதுவெதுப்புப் பெட்டியைத் திறந்து, நேற்றைய கிண்ணங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எல்லாமே அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தன.

“எதுக்குப்பா எல்லாமே கலங்குது?”

“கிருமி தாண்டுது மேடம்.”

“நான் ஊருக்குப் போறதுக்கு முன்னாடி சிலதுதானே கலங்கும்?”

“அப்போ பாதி மேளம் நழுவிப் போயிடும். இப்ப நான் ஒழுங்கா கட்டறேன்.” இதைச் சொல்லும்போது இத்தனை துக்கத்திலும் என் நெஞ்சு லேசாக நிமிர்ந்தது என்பதை மறைப்பானேன்.

“ஒழுங்கா கட்டினா அதிகமாத் தாண்டுமா? சரி, ஒண்ணு பண்ணு. கையுறையை வெட்டி, சவ்வுக்குப் பதிலா அதை வெச்சு ஒரு மேளம் கட்டு. மாலையை மேல விடு.”

“எதுக்கு மேடம்?” என்றேன்.

ஆய்வகமே ஒரு நிமிடம் நின்றது. அந்த வார்த்தையை அவரிடம் யாரும் அதுவரை சொன்னதில்லை. அவருக்கே கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

“கையுறையை எதுவும் தாண்டாதுப்பா. அது கலங்காம இருந்தாத்தான் உன் மேளத்தை நம்பலாம்.”

கட்டினேன். ஒன்றுக்கு மூன்றாகவே கட்டினேன். துணிப் பட்டையை வைத்து, இறுக்கி, என் கைவரிசை முழுவதையும் காட்டி. அன்று சாயங்காலம் வீட்டில் மனைவி சிறிய சட்டைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். பை ஒன்று பாதி நிரம்பியிருந்தது. அந்தப் பையைப் பார்க்காமல் சாப்பிடுவதற்கு நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

காலையில் பெட்டியைத் திறந்தேன். கையுறை மேளங்களின் கீழ்நீர் கலங்கியிருந்தது. மூன்றும்.

ஓர் அறிவாளி அந்த இடத்தில் என்ன நினைத்திருப்பான் என்று எனக்குத் தெரியாது. நான் நினைத்ததைச் சொல்கிறேன். தாழ்வாரம் முழுக்க ஓடி, மேடத்தின் அறைக்குள் மூச்சிரைக்க நுழைந்து, “மேடம்! மாலை கையுறையையே துளைச்சிடுச்சு!” என்று கத்தினேன்.

அவர் டீயைக் கீழே வைத்தார். “அப்படியா? அப்போ உலகத்துல இருக்கற சர்ஜன் எல்லாரும் இன்னைக்கே ராஜினாமா பண்ணிடலாம்.”

“சிரிக்காதீங்க மேடம். ரப்பரே தாங்கலைன்னா சவ்வு எப்படித் தாங்கும்?”

“தம்பி, உட்காரு. மூச்சு விடு. ரப்பரைத் தாண்ட முடியாது. அப்போ அது வேற வழியா வந்திருக்கு. எந்த வழின்னு பார்ப்போம் வா.”

மேசையில் கையுறை மேளம் ஒன்றை வைத்தார். மேல் கிண்ணத்தில் நீலச் சாயம் ஊற்றினார். நாங்கள் இருவரும் கன்னத்தை மேசையில் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் பார்த்தோம். யாராவது உள்ளே வந்திருந்தால் தூங்குகிறோம் என்றுதான் நினைத்திருப்பார்கள். ரப்பர் நடுவில் அப்படியே இருந்தது. விளிம்பில் மட்டும் நீலம் மெல்லத் துணியில் ஏறியது. நூல் நூலாக ஊறியது. விளிம்பைச் சுற்றி, வளையத்தின் அடியில் நுழைந்து, வெளியே தொங்கிக்கொண்டிருந்த பிசிறுகள் வழியாகக் கீழ்நீரில் ஒரு நீல இழையாக இறங்கியது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே அழகு.

“எதுக்கு இந்தத் துணி?” என்றார் மேடம், மிக மென்மையாக.

நான் மேசையிலிருந்து கன்னத்தை எடுத்தேன். “நழுவாம இருக்க மேடம்.”

“நல்லாத்தான் யோசிச்சிருக்கே. மேளம் நழுவலை. ஆனா கிருமிக்கு ஒரு பாலம் கட்டிக் கொடுத்திருக்கே. அதுங்க பாவம், சவ்வுப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்காது. ராஜபாட்டை இருக்கும்போது சுவர் ஏறிக் குதிக்க எதுக்குங்கறேன்.”

கிருமியைத் தேடிக்கொண்டிருந்த காவலாளி, அத்தனை நாளும் அதைக் கைப்பிடித்து அழைத்துப் போனவனும் தான்தான் என்று தெரிந்துகொண்டால் எப்படி இருக்கும்? வெட்கமாக இருக்கும் என்பீர்கள். இருந்தது. ஆனால் அதைத் தள்ளிக்கொண்டு இன்னொன்று முன்னால் வந்தது. சிரிப்பும் வந்து, கண்ணும் கலங்கியது. கலங்கும் என்று யாரும் எதிர்பார்க்காத இடத்தில் கலங்குவதுதான் என் ராசி போலிருக்கிறது. மேடம் டிஷ்யூ பெட்டியை என் பக்கம் தள்ளினார். பிறகு, “வீட்டுக்கு போன் பண்ணு முதல்ல,” என்றார்.

தாழ்வாரத்தில் நின்று போன் செய்தேன். அவள் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். எட்டாம் மாதத்திலும் விடவில்லை. காரின் இண்டிகேட்டர் சத்தம் கேட்டது.

“நான் சொன்னது தப்பு,” என்றேன்.

“எது?”

“தாண்டுதுன்னு சொன்னது. சவ்வைத் தாண்டலை. நான் வெச்ச துணி மேல ஏறி இறங்கியிருக்கு.”

“புரியற மாதிரி சொல்லுங்க.”

“நான்தான் வழி போட்டுக் கொடுத்திருக்கேன்.”

அவள் பக்கத்து இருக்கை மாணவரிடம், “சார், ஓரமா நிறுத்துங்க. பார்த்து, பார்த்து... ஆங், நின்னுடுச்சு,” என்றாள். அப்புறம் என்னிடம், “அப்போ என் குழந்தைக்கிட்டப் போகாதா?”

இங்கேதான் ஆமாம் போகாது என்று அடித்துச் சொல்ல நாக்கு துடித்தது. முந்தாநாள் வரைக்கும் எல்லாம் தெரிந்தவனாகப் பேசிய நாக்கு. அதைப் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டேன்.

“அது எனக்குத் தெரியாது. போகலாம், எப்பவும் போறதில்லைன்னு டாக்டர் சொன்னாங்க இல்ல? அதுக்கு மேல எனக்கும் ஒண்ணும் தெரியாது. நான் கண்ணால பார்த்ததா சொன்னேனே, அதை நான் பார்க்கவே இல்ல. அது மட்டும்தான் இப்ப உறுதியாத் தெரியும்.”

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் மூக்கால், பிறகு முழுதாக. அந்த மாணவரும் எதற்கென்று தெரியாமல் சேர்ந்து சிரிப்பது கேட்டது.

“பரவாயில்ல,” என்றாள். “தெரியாதுன்னு நீங்க சொல்லி இப்பத்தான் முதல் தடவையாக் கேக்கறேன். டாக்டரம்மாகிட்டயே இருக்கேன். அந்தப் பெரிய ஆஸ்பத்திரி நேரத்தை வேண்டாம்னு சொல்லிடறேன். உங்க பையன் உதைக்கறான் பாருங்க, சிரிச்சா உடனே உதைக்கறான்.”

“பொண்ணா இருந்தா?”

“அப்ப இன்னும் பலமா உதைப்பா. வைங்க போனை, வண்டி நோ பார்க்கிங்ல நிக்குது.”

அன்றைக்கே புதுச் சவ்வு வந்தது. துணியைத் தூக்கி எறிந்துவிட்டு, மனைவியின் நகம் தேய்க்கும் அரத்தால் கிண்ண விளிம்பைச் சொரசொரப்பாகத் தேய்த்து மேளம் கட்டினேன். சில நழுவின. நின்றவற்றை முதலில் நீலச் சாயத்தால் பார்த்து, கழுவி, பிறகுதான் மாலையை விட்டேன். காலையில் கீழ்நீர் கிணற்றுத் தண்ணீர் மாதிரி கண்ணாடியாக நின்றது. ஒன்றே ஒன்று மட்டும் கலங்கியிருந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். சவ்வு அந்த இடத்தில் இயல்பாகவே மெலிந்து, பழைய வேட்டி போல நைந்திருந்தது. மேடம் நுண்ணோக்கிக்குள் நெடுநேரம் பார்த்துவிட்டு, “இதுதான்பா நாம தேடறது. இது எதுக்கு இங்க மட்டும் மெலிஞ்சுது?” என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த எதுக்கு எனக்கு இனிப்பாக இருந்தது. என் மனைவி வயிற்றில் அப்படி ஓர் இடம் இருக்குமோ என்று ஒரு கணம் மனம் ஓடத்தான் செய்தது. காய்ச்சல் இல்லை, கசிவு இல்லை, உதை உண்டு என்று அதை நானே பிடித்து உட்காரவைத்தேன். வரவர எனக்குள்ளேயும் ஒரு பிரேக் முளைத்துக்கொண்டிருந்தது.

மாதம் நிறைந்து, ஒரு பிற்பகலில் அவளுக்கு வலி வந்தது. காரை நான் ஓட்டினேன். பக்கத்தில் பிரேக் இல்லாத கார். ஆனாலும் அவள் கால் தரையை மிதித்துக்கொண்டேதான் வந்தது, வலியிலா என் டிரைவிங்கிலா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. சொன்னபடியே டாக்டரம்மா மருந்து ஏற்றினார். ஜன்னலில் வெயில் சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை டாக்டர் வந்து, நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டு, கால்விரல் வரை திருப்பிப் பார்த்து, “அருமையா இருக்கா. எதுக்கும் கொஞ்ச நேரம் பக்கத்துலயே வெச்சுப் பார்ப்போம்,” என்றார். அவள் அலறிய அலறலைக் கேட்டபின் நுரையீரலைப் பற்றிச் சந்தேகப்பட ஒன்றுமே இருக்கவில்லை.

அப்போதுதான் ஓரத்து மேசையில் நர்ஸம்மா நஞ்சுக்கொடியை வைத்துச் சரிபார்ப்பதைக் கவனித்தேன். எதுவும் உள்ளே தங்கிவிடவில்லையே என்று பார்க்கிற வழக்கம். கையுறைக் கையை அதோடு ஒட்டிய பனிக்குடப் பைக்குள் விட்டு, விரல்களை விரித்து, விளக்கை நோக்கித் தூக்கினார். பை விரிந்தது.

இத்தனை வருடமாக நான் பார்த்ததெல்லாம் பொத்தான் அளவுத் துண்டுகள். முழுப் பையை அன்றைக்குத்தான் பார்த்தேன். விளக்கு வெளிச்சம் அதன் வழியே இளஞ்சிவப்பாக வடிந்தது. மெல்லிய நரம்போட்டம், பளபளக்கும் உள்பக்கம். எங்கேயும் நைந்த இடம் இல்லை. ஒரே ஒரு திறப்பு மட்டும், அதுவும் என் மகள் வெளியே வந்த வாசல்.

“சிஸ்டர், கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்களேன். அந்த ஓரம்...”

“முழுசா இருக்குங்க, பயப்படாதீங்க,” என்றார் அவர், பலரைப் பார்த்த குரலில்.

“நல்லாக் கட்டியிருக்கு,” என்றேன்.

“சார்,” என்று கட்டிலில் இருந்து குரல் வந்தது. களைத்த குரல்தான், ஆனால் பிரேக் நன்றாகவே வேலை செய்தது. “அது வந்த கவரு. பார்சல் இங்க இருக்கு. இங்க வந்து பாருங்க.”

போனேன். அவள் மார்பில் ஒரு சிறிய மூட்டை, கண்ணை இறுக மூடிக்கொண்டு, உலகம் முழுவதையும் கோபித்துக்கொண்டிருந்தது. மனைவி அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “துணி எதுவும் வெக்கலையே?”

“சுத்தி வெச்சிருக்காங்களே.”

“இது பரவாயில்லையா?”

நான் குனிந்து, துணியின் ஓரத்தை விரலால் விலக்கிப் பார்த்தேன். உள்ளேயிருந்து ஒரு கால் வந்து என் மணிக்கட்டில் பலமாக ஓர் உதை விட்டது.

“இது பரவாயில்ல,” என்றேன்.